நாணயத்தின் நாணயம்

வெள்ளிக் கிண்ணம் கறுத்தால் திருநீறிட்டுத் துடைப்பதும், செப்புக்குடம் களிம்பேறினால் புளியிட்டு விளக்குவதும் தமிழர் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வழக்கங்களாகும். உலோகத்தின்மேற் படியும் நிறமாற்றம் மாசு என்பதும், மாசு நீக்கப்படவேண்டியது என்பதும் இவ்வழக்கங்களின் அடிப்படைக் கருத்துகள். செம்பிற் களிம்பு என்னும் தொடர் உடன்பிறந்த குற்றத்துக்கு உவமையாகத் தமிழில் நெடுங்காலம் வழங்கிவருவதும் இக்கருத்துப் பற்றியே. ஆயின், பழங்காசு திரட்டுவோர் உலகிலே இக்கருத்து முற்றும் தலைகீழாகிவிடுகின்றது. அங்கே துலக்கப்பட்ட காசு பழுதுற்ற காசு. காலம் தந்த நிறத்தோடு கிடைக்குங் காசே போற்றப்படும் காசு. வானவில்லின் நிறங்கள் படிந்த வெள்ளி டொலர் ஒன்றுக்கு, அதே ஆண்டில் அதே நாணயசாலையில் அடிக்கப்பட்டு வெண்மை மாறாதிருக்கும் டொலரினும் பன்மடங்கு விலை கொடுக்க முன்வருவோர் அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பலர் உளர்.

விலை மிகுமிடத்து அதனைக் குறுக்குவழியில் அடையும் ஆசையும் மிகும். ஐம்பது ஆண்டிற் காலஞ் செய்யும் வேலையை அடுக்களையில் ஓரிரவிற் செய்து முடிக்கலாகாதோ என்னும் எண்ணம் பலர் உள்ளத்தில் எழுந்தது. முட்டையும் கந்தகமும் போறணையுங் கொண்டு அவர்கள் செய்த பரிசோதனைகள் பல. அவற்றுட் சில வெற்றியும் பெற்றன. அவ்வெற்றியிலிருந்தே கடினமான வினா ஒன்று பிறந்தது. தன் உடைமையாகிய காசின்மேல் ஒருவன் செய்யும் இரசாயனப் பரிசோதனை எவ்விடத்திற் குற்றமாகின்றது? இவ்வினாவுக்கு விடைகாணப் புகுமுன், காசின் நிறமாவது யாது, அஃது எவ்வாறு உண்டாகின்றது என்பன அறியற்பாலன.

வெள்ளி, இரும்பைப்போல ஒட்சிசனால் எளிதிற் கெடுவதன்று. அதனைக் கறுக்கச் செய்வது கந்தகமே. அழுகும் பொருள்களிலிருந்தும், நிலக்கரிப் புகையிலிருந்தும், சதுப்பு நிலங்களிலிருந்தும் எழும் ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு எங்குங் காற்றிலே மிகச் சிறிதளவிற் கலந்துளது. கம்பளித் துணியும், இறப்பரும், மலிவான மட்டையும் கந்தகச் சேர்வைகளைத் தம்முட் கொண்டு மெல்ல மெல்ல வெளிவிடுவன. ஈரக்காற்றிலே நான்கு வெள்ளி அணுக்களும், இரண்டு ஐதரசன் சல்பைட்டு மூலக்கூறுகளும், ஓர் ஒட்சிசன் மூலக்கூறும் ஒன்றுகூடுமிடத்து, வெள்ளிச் சல்பைட்டும் நீரும் உண்டாகின்றன. இச்சல்பைட்டு, காசின் மேற்பரப்பிலே மென்படலமாகப் படிகின்றது. படலம் தடித்தவிடத்து அது கருமையாகத் தோன்றும். வீட்டுப் பாத்திரங்களிற் காணப்படுங் கறுப்பு இதுவே.

ஆனால் கருமையடையுமுன் அப்படலம் பல நிறங்களைக் காட்டிச் செல்லும். அந்நிறங்கள் சாயத்தால் வருவன அல்ல. சவர்க்காரக் குமிழியிலும், மழைநீரின்மேற் படர்ந்த எண்ணெயிலுந் தோன்றும் நிறங்களை ஒத்தவை. படலத்தின் மேற்புறத்திலே தெறிக்கும் ஒளியும், அதனூடு சென்று அடியிலுள்ள வெள்ளியிலே தெறித்து மீளும் ஒளியும் ஒன்றோடொன்று கூடும்போது, சில அலைநீளங்கள் வலுப்பெறும், சில அழியும். பௌதிக நூலார் இதனைத் தலையீடு என்பர். எந்நிறம் வலுப்பெறும், எந்நிறம் அழியும் என்பது படலத்தின் தடிப்பைப் பொறுத்தது. அத்தடிப்போ ஒரு மில்லிமீற்றரின் பதினாயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த அளவிலேயே நிறங்காட்டத் தொடங்கிவிடும். ஆகையால், படலம் வளருந்தோறும் நிறங்கள் ஓர் ஒழுங்குப்படியே மாறிவருகின்றன. முதலில் வெளிர்மஞ்சள், அடுத்துப் பொன்னிறம், பின்னர்ச் செம்பழுப்பும் ஊதாவும், அதன்பின் கருநீலம், அப்பால் வெளிர்நீலம். இவற்றின்பின் மஞ்சளுஞ் சிவப்பும் பச்சையும் இரண்டாமுறையாக வரும். ஈற்றிலே அனைத்தையும் கருமை மூடிக்கொள்ளும். இவ்வொழுங்கு பின்னர்க் கூறப்படவிருக்கும் சோதனைக்கு இன்றியமையாதது.

மென்படல நிறங்களின் இவ்வொழுங்கை முதன்முதல் நுட்பமாக அளந்து காட்டியவருள் தலையாயவர் ஐசாக்கு நியூற்றன். 1704ஆம் ஆண்டு வெளிவந்த ஒளியியல் நூலிலே, கண்ணாடிகளிரண்டின் இடையே அகப்பட்ட மெல்லிய காற்றுப் படலம் காட்டும் நிற வளையங்களை அவர் விரித்துரைத்தார். அவ்வளையங்கட்கு அலைக்கொள்கை வழியாக விளக்கந் தந்தவர், 1801ஆம் ஆண்டளவில் ஆராய்ச்சி நிகழ்த்திய தோமசு யங்கு. நியூற்றன் 1696ஆம் ஆண்டு முதல் இலண்டன் நாணயசாலையின் காவலராகவும், 1699ஆம் ஆண்டு முதல் 1727ஆம் ஆண்டில் இறக்கும்வரை அதன் தலைவராகவும் பணியாற்றி, கள்ளக்காசு அடிப்போரைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பித்தவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. காசின் நிறத்தை விளக்கும் அறிவும், காசின் வாய்மையைக் காக்கும் கடமையும் ஒருவரிடத்தே கூடியிருந்தன.

இயற்கையாக நிறமேறிய காசுகளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மோர்கன் டொலராகும். ஜோர்ஜ் மோர்கன் என்னுஞ் சிற்பி அமைத்த உருவைத் தாங்கிய இக்காசு, 1878 முதல் 1904 வரையும், மீண்டும் 1921இலும் அடிக்கப்பட்டது. அதன் நிறை 26.73 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, எஞ்சிய பத்துப் பங்கு செம்பு. திறைசேரி மாதந்தோறும் இருபது இலட்சம் முதல் நாற்பது இலட்சம் டொலர் வரை பெறுமதியுள்ள வெள்ளியை வாங்கிக் காசடிக்கவேண்டும் என 1878ஆம் ஆண்டிற் சட்டம் விதித்தமையால், மக்களுக்கு வேண்டிய அளவினும் மிகப் பெருந்தொகையாக இக்காசுகள் வெளிவந்தன. கனத்த காசை மக்கள் விரும்பிக் கைக்கொண்டிலர். ஆதலின், ஆயிரம் காசு கொண்ட கித்தான் பைகளிற் கட்டப்பட்டு அவை நிலவறைகளிலே அடுக்கப்பட்டன. 1918ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ் இருபத்தேழு கோடி காசுகள் உருக்கப்பட்டமைக்குப் பின்னும் எண்ணற்ற பைகள் எஞ்சிக் கிடந்தன.

அப்பைகளின் துணியிலிருந்த கந்தகம், பல்லாண்டுகளாகத் தன்னைத் தொட்டுக்கொண்டிருந்த காசுகளின்மேல் வேலை செய்தது. பையின் ஓரத்திலிருந்த காசே அதனை மிகுதியாகப் பெற்றது. ஒரு காசின் மேல் மற்றொரு காசு பாதி மறைத்துக் கிடந்தவிடத்து, மறையாத பகுதி மாத்திரம் நிறமேறி, எல்லையிலே பிறை வடிவான வளைவு தோன்றிற்று. சில காசுகளிலே துணியின் நெசவுக்கோலமும் பதிந்தது. 1960களின் தொடக்கத்திலே திறைசேரி இப்பைகளைப் பெருந்தொகையாக வெளியிட்டபோது, அறுபது எழுபது ஆண்டுகளாக எவர் கையும் தீண்டாத இக்காசுகள் திரட்டுவோரின் கைக்கு வந்தன. இவையன்றி, 1930களிற் பரவிய மட்டை அல்பங்களும், 1947 முதல் 1958 வரை அமெரிக்க நாணயசாலை விற்ற ஆண்டுத் தொகுதிகளின் மட்டைத் தாங்கிகளும் காசுகளுக்கு நிறமேற்றின. அல்பத்திலிருந்த காசு விளிம்பிலே முதலில் நிறம்பெற்று, வளையம் வளையமாக நடுவை நோக்கி நிறமாறும். இவ்வாறு ஒவ்வொரு நிறக்கோலமும் அக்காசு எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டிருந்தது என்பதற்குச் சாட்சியாக அமைகின்றது.

இனி, செயற்கை வழிகளை நோக்குமிடத்து, அவை புதியன அல்ல என்பது புலனாகும். கி.பி. 79ஆம் ஆண்டிலே வெசூவியசு எரிமலை வெடித்தபோது உயிர்நீத்த உரோம அறிஞர் பிளினி, தமது இயற்கை வரலாற்றின் முப்பத்துமூன்றாம் நூலிலே, எகிப்தியர் வெள்ளியைச் செம்போடும் கந்தகத்தோடும் சேர்த்துக் கருநிறமூட்டுவர் எனக் கூறுகின்றார். அவித்த முட்டையின் மஞ்சட் கருவாலும் வெள்ளியைக் கறுக்கச் செய்யலாமென்றும், அக்கறுப்பை வினாகிரியும் வெண்கட்டியுங் கொண்டு போக்கலாமென்றும் அவர் குறிப்பிடுகின்றார். பத்தொன்பது நூற்றாண்டுகள் கழிந்தபின்பும் வீட்டுப் பரிசோதனையாளர் முதன்முதல் நாடுவது அவித்த முட்டையையே.

இதன் காரணம் எளிது. முட்டையின் புரதத்திலே கந்தகம் உளது. நெடுநேரம் அவிக்குமிடத்து அது ஐதரசன் சல்பைட்டாக வெளிப்படும். அவித்த முட்டையின் மஞ்சட் கருவைச் சுற்றிச் சிலவேளை காணப்படும் பசுஞ்சாம்பல் வளையமும், அவ்வாயு கருவிலுள்ள இரும்போடு சேர்வதால் உண்டாவதே. சூடு ஆறாத முட்டையை நறுக்கி, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு, அதனைத் தொடாதபடி வெள்ளிக் காசொன்றை வைத்தால், சிறிது நேரத்திற் காசின் ஓரம் மஞ்சளாகும். தொடர்ந்து பார்ப்போர் பொன்னிறமும் ஊதாவும் நீலமும் அடுத்தடுத்து வருதலைக் காணலாம். கவனம் சற்றே தவறின் காசு கறுத்துவிடும். முட்டைக்கு அண்மையிலுள்ள பக்கம் விரைவாகவும், அப்பாலுள்ள பக்கம் மெதுவாகவும் மாறும். காசின்மேற் படிந்த விரலின் எண்ணெய் வாயுவைத் தடுப்பதால், ரேகையின் சுவடு தெளிவாகத் தெரியும். இது கருதியே பரிசோதனையாளர் அசிற்றோன் என்னுந் திரவத்தாற் காசை முதலிற் கழுவிக்கொள்வர்.

இதனினும் கடுமையான வழிகளும் உள. கந்தகமும் பொற்றாசியமுஞ் சேர்ந்த ஒருவகைச் சேர்வையை நீரிற் கரைத்து, அதிலே காசைத் தோய்த்தெடுப்பர். நகைத்தொழிலாளர் வெள்ளியணிகட்குப் பழமைத் தோற்றம் தரக் கையாளும் முறை இது. சிலர் காசை உருளைக்கிழங்கினுள் வைத்துப் போறணையிற் சுடுவர். சிலர் கந்தகம் தடவிய தாளிற் சுற்றிச் சூடேற்றுவர். சிலர் வெளிற்றுந் திரவத்தின் ஆவியிற் பிடிப்பர். வெப்பம் தாக்கத்தை விரைவுபடுத்துவதோடு, காசிற் கலந்துள்ள செம்பையும் மாற்றமுறச் செய்யும். பொறுமையுடைய சிலரோ இவ்வழிகளையெல்லாம் விலக்கி, கந்தகம் மிகுந்த பழைய அல்பமொன்றைத் தேடிப் பெற்று, அதிலே காசை இட்டு, வெயிலும் ஈரமும் படும் யன்னலோரத்திலே ஆண்டுக்கணக்கில் வைத்துக் காத்திருப்பர்.

விரைவில் ஏற்றிய நிறத்தையும் காலத்தால் ஏறிய நிறத்தையும் வேறுபடுத்தி அறிதல் எவ்வாறு? அனுபவமுடையோர் நான்கு அடையாளங்களை நோக்குவர். முதலாவது, நிறங்களின் ஒழுங்கு. மெதுவாக வளர்ந்த படலத்திலே மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே பொன்னிறமும் ஊதாவும் படிப்படியாக நிற்கும். விரைவில் ஏற்றப்பட்ட காசிலோ வெண்மைக்கு அருகே திடீரெனக் கருநீலம் தோன்றும். இரண்டாவது, எழுத்துகளின் ஓரம். இயற்கையாக நிறமேறிய காசுகள் பலவற்றிலே, மேலெழுந்து நிற்கும் எழுத்தையும் உருவத்தையும் அணுகுமிடத்து நிறம் சற்றே ஒதுங்கி மெலிந்து நிற்கும். திரவத்தில் தோய்த்த காசிலே அது எழுத்தின்மேலும் வழிந்து பரவிக் கிடக்கும். மூன்றாவது, காசின் அச்சொளி. அச்சின் அழுத்தத்தால் உலோகம் நுண்ணிய கோடுகளாக ஓடுதலின், புதுக்காசைச் சாய்த்துச் சுழற்றுகையிலே வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப்போல ஒளி சுழலும். இயற்கை நிறத்தின் அடியிலே அவ்வொளி உயிரோடு இருக்கும். சுட்ட காசிலே அது மங்கிக் கிடக்கும். நான்காவது, நிறக்கோலத்துக்கும் காசு வைக்கப்பட்ட வகைக்கும் உள்ள பொருத்தம். பையோ, தாளோ, அல்பமோ எதனாலும் விளக்கமுடியாத கோலம் ஐயத்துக்குரியது.

எனினும் இவ்வடையாளங்கள் முடிந்த முடிபுகள் ஆகா. கைதேர்ந்தவன் மெல்ல மெல்ல நிறமேற்றி இந்நான்கையும் ஓரளவு போலியாக்க வல்லவன். பையிலிருந்து வந்த சல்பைட்டும் சல்பைட்டே. முட்டையிலிருந்து வந்த சல்பைட்டும் சல்பைட்டே. அமெரிக்காவிலே 1986ஆம் ஆண்டிலும் 1987ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்ட பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள், காசுகளை ஆராய்ந்து, எழுபது புள்ளி கொண்ட அளவுகோலால் தரமிட்டு, பிளாத்திக்கு உறையில் முத்திரையிட்டுக் கொடுக்கின்றன. நிறம் செயற்கை என ஐயுறப்படும் காசுக்கு அவை வழக்கமான தரத்தை அளிப்பதில்லை. ஆயின் காசு நடந்துவந்த வழியை எவருங் கண்டதில்லை. ஆதலின், அவர்கள் தீர்ப்பு உண்மையிலே, இந்நிறம் சந்தையில் ஏற்கத்தக்கதா என்னும் வினாவுக்கு விடையேயாகும். ஒருமுறை மறுக்கப்பட்ட காசு மறுமுறை ஏற்கப்படுதலும் உண்டு. ஆய்வுகூடமுந் தரக்கண்ணாடியும் சென்று நின்றுவிடும் எல்லை இதுவே. இதற்கப்பால் வழிகாட்டவேண்டியது அறம்.

செயற்கை நிறமேற்றலை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் எளிதிற் தள்ளத்தக்கன அல்ல. இரு காசின் மேலும் இருப்பது ஒரே பொருளாயின், ஒன்றை உயர்வென்றும் மற்றதைக் குற்றமென்றும் கூறுவது எவ்வாறு பொருந்தும் என்பது அவர்தம் முதல் வினா. இதற்கு விடை, வாங்குவோன் எதற்கு விலை கொடுக்கின்றான் என்பதிலே தங்கியுளது. அவன் சல்பைட்டுக்கு விலை கொடுப்பவனாயின், முட்டைக் கடையிலே அதனை மிக மலிவாகப் பெறலாம். ஒரு நிலவறையின் இருளிலே, ஒரு பையின் ஓரத்திலே, எவர் கையும் படாது கழிந்த காலத்துக்கே அவன் பணங் கொடுக்கின்றான். நிறம் அக்காலத்தின் சாட்சி. சாட்சி பொய்யாயின், நிறம் எத்துணை அழகியதாயினும் அவன் பெற வந்ததைப் பெற்றிலன். இதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. விற்போன், இக்காசுக்குச் சென்ற கிழமை என் அடுக்களையில் நிறமேற்றினேன் என வெளிப்படையாகக் கூறட்டும். அக்கூற்றால் விலை எவ்வளவு வீழ்கின்றதோ, கூறாது விடுவதனால் அவன் கவரும் பொருள் அவ்வளவேயாகும்.

என் காசை நான் என்னவுஞ் செய்வேன் என்பது இரண்டாவது நியாயம். தன் உடைமைமேல் ஒருவனுக்குள்ள உரிமையைச் சட்டமும் பெரும்பாலும் மறுப்பதில்லை. அமெரிக்கச் சட்டம் காசை உருமாற்றுதலைக் குற்றமாக விதிக்குமிடத்து, வஞ்சக நோக்கோடு உருமாற்றுதல் என்றே வரையறுக்கின்றது. 1973ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், திரட்டுவோர்க்கான காசுகளின் போலிகளிலே அவை படி என்னுங் குறிப்புப் பொறிக்கப்படவேண்டும் என விதித்தது. ஆயின் நிறமேற்றிய காசு போலிக்காசு அன்று. காசு மெய், அதன் வரலாறே பொய். வரலாற்றின்மேற் குறிப்புப் பொறிக்கச் சொல்லும் விதியை அச்சட்டம் தரவில்லை.

மூன்றாவது நியாயம் கூர்மையானது. சந்தையிலே வெண்மையாக ஒளிரும் பழங்காசுகளுட் பல, இயல்பாகவே வெண்மையாயிருந்தவை அல்ல. தயோயூரியாவும் அமிலமுங் கலந்த திரவத்திலே சில வினாடி தோய்த்தால் சல்பைட்டுப் படலம் கரைந்து, அடியிலுள்ள வெள்ளி வெளிப்படும். படலத்தோடு வெள்ளியின் மிக மெல்லிய தோலும் நீங்கிவிடும். பலகால் தோய்த்த காசின் நுண்கோடுகள் அழிந்து, அச்சொளி மடிந்துபோகும். இவ்வாறு நிறத்தை நீக்குதலைச் சந்தை பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றது. நிறத்தை ஏற்றுதலையோ இகழ்கின்றது. இரண்டும் காலத்தின் சாட்சியை மாற்றுவனவே அல்லவா? இவ்வினாவிலே உண்மை உண்டு. ஆயின் ஒரு குற்றம் வழக்கத்தால் மன்னிக்கப்பட்டது என்பதால் மற்றொரு குற்றம் நற்செயலாகிவிடாது. தோய்த்தெடுத்த காசைத் தோய்க்காத காசாகக் கூறி விற்பதும் அதே தராசில் நிறுக்கப்படவேண்டும் என்பதே இதனாற் பெறப்படும்.

நான்காவது நியாயம் எல்லைக்கோட்டைப் பற்றியது. முட்டைப் போத்தலில் ஒரு மணி நேரம் வைப்பது செயற்கை. அறியாமல் அல்பத்தில் நாற்பது ஆண்டு விட்டது இயற்கை. நிறம் வேண்டியே அல்பத்தில் ஐந்தாண்டு வைத்தது எது? இரசாயனத்தால் இதற்கு விடை கூறமுடியாது, நாட்காட்டியாலும் கூறமுடியாது. ஐந்தாண்டில் ஏறியதை நாற்பது ஆண்டில் ஏறியதெனக் கேட்போன் எண்ணும்படி விற்போன் பேசுவானாயின், அல்லது பேசவேண்டியவிடத்து மௌனஞ் சாதிப்பானாயின், குற்றம் அங்கே பிறக்கின்றது. உண்மையை உள்ளவாறு கூறுவானாயின், போத்தலில் வைத்ததிலும் குற்றமில்லை. எல்லைக்கோடு காசின் மேற்பரப்பிலே கிடப்பதன்று. விற்போன் நாவிலே கிடப்பது.

இவ்வளவோடு ஆராய்ச்சி முடிந்ததெனக் கொள்ளலாமாயின் எளிதாயிருக்கும். ஆனால் காசு, மனிதனினும் நெடுநாள் வாழ்வது. இன்று நேர்மையாளன் ஒருவன், தான் நிறமேற்றியதைக் கூறியே காசை விற்கலாம். வாங்கியவன் அதனை மற்றொருவனுக்கு விற்குங்கால் அக்கூற்றை மறக்கலாம், மறைக்கலாம், இறந்தும் போகலாம். மூன்றாங் கையிலே காசு மாத்திரம் மிஞ்சும், கூற்று மிஞ்சாது. இதற்குச் சான்றாக அமைவது ஜெர்மானியரான கார்ல் வில்லெம் பெக்கரின் வரலாறு.

1772ஆம் ஆண்டிற் பிறந்து 1830ஆம் ஆண்டில் இறந்த பெக்கர், பண்டைக் கிரேக்க, உரோமக் காசுகளுக்குப் புது அச்சுகளைத் தம் கையாலேயே செதுக்கியவர். புதிதாக அடித்த காசுக்குப் பழமைத் தோற்றம் தர அவர் கையாண்ட உபாயம் பெயர்பெற்றது. இரும்பு அராவற்றூள் நிறைந்த பெட்டியொன்றிலே காசுகளை இட்டு, அப்பெட்டியைத் தமது குதிரைவண்டியிற் பூட்டி, கரடுமுரடான பாதைகளிலே ஓட்டிச் செல்வாராம். வண்டி குலுங்கக் குலுங்கக் காசுகள் தேய்ந்து முதுமையடையும். அரிய காசுகளை வாங்க வசதியற்றோர்க்கு நல்ல படிகளை வழங்குவதே தம் நோக்கம் என அவர் தம்மை நியாயப்படுத்திக்கொண்டார். அவ்வாறு வெளிப்படையாக வழங்கியவையும் உண்டு. மெய்க்காசென விற்கப்பட்டவையும் உண்டு. அவர் கையைவிட்டு அகன்றபின் இரண்டுக்கும் வேறுபாடு ஏது? அவர்தம் அச்சுகள் பின்னர்ப் பெர்லின் நூதனசாலையைச் சேர்ந்தன. அவர் இறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1924, 1925ஆம் ஆண்டுகளிலே, பிரித்தானிய நூதனசாலையின் காசுப் பகுதியைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹில், அவர் செய்த போலிகளை வகைப்படுத்தித் தனி நூல் எழுதவேண்டியதாயிற்று. ஒருவர் வண்டியோட்டிச் செய்த வேலையைப் பிரித்தறிய அறிஞர் தலைமுறைகள் உழைக்க நேர்ந்தது.

ஆகவே, பரிசோதனை செய்வோனின் கடமை, தன்முன் நிற்கும் ஒருவனுக்கு உண்மை கூறுவதோடு முடிவதில்லை. முகந்தெரியாத மூன்றாமவனுக்கும் அவன் கடன்பட்டவன். நூதனசாலைகளிலே பழம்பொருள்களைப் பேணுவோர் இக்கடனை இரு நெறிகளாக வகுத்துள்ளனர். செய்யும் மாற்றம் இயன்றவரை மீட்கத்தக்கதாயிருத்தல் வேண்டும். செய்ததெல்லாம் எழுத்திற் பதியப்படல் வேண்டும். காசின் நிறமோ மீட்கத்தக்கதன்று. சல்பைட்டாக மாறிய வெள்ளி காசிலிருந்தே எடுக்கப்பட்டது. படலத்தை நீக்கினும் பழைய மேற்பரப்பு திரும்பாது. எனவே இரண்டாம் நெறியும், அதனோடு தன்னடக்கமுமே எஞ்சுகின்றன. நிறங்களின் ஒழுங்கைக் கண்டு களிக்க விரும்பும் மாணாக்கன், வெள்ளிப் பெறுமதிக்கு மேல் விலையில்லாத சாதாரணக் காசொன்றையோ, வெள்ளித் தகட்டுத் துண்டொன்றையோ கொண்டு தாராளமாகப் பரிசோதிக்கலாம். நியூற்றன் கண்ட வளையங்களின் நிறவரிசையை ஒரு போத்தலினுள்ளே காணும் அப்பயிற்சி, பாடநூல் தரமுடியாத தெளிவைத் தரும். அரிய காசைத் தொடாமையும், மாற்றிய காசை விற்பனைக்கு விடாமையும், முன்னும் பின்னும் எடுத்த படத்தோடு அதனை வைத்திருத்தலும் அவன் கைக்கொள்ளவேண்டியன.

இவ்வறம் அமெரிக்க டொலருக்கு மாத்திரம் உரியதன்று. நந்தியும் சேது என்னும் எழுத்தும் பொறித்த யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக்காசு ஒன்று தோட்டத்து மண்ணிலே அகப்படுமாயின், அதன்மேலுள்ள செம்மையும் பசுமையும், செம்பு மண்ணோடும் நீரோடும் காற்றோடும் நூற்றாண்டுகளாகக் கொண்ட உறவின் பதிவுகள். புளியிட்டு விளக்கினால் காசு மின்னும், பதிவு போய்விடும். செப்புக்குடத்துக்குச் சரியான செயல் பழங்காசுக்குச் சரியாகாது. ஏனெனில், குடம் நீர் முகக்க இருப்பது. பழங்காசு சாட்சி சொல்ல இருப்பது.

கள்ளத் தெனாரியம் ஒன்றை ஆராய்ந்து கற்பதற்காக மெய்க்காசுகள் பலவற்றைக் கொடுத்து அதனை வாங்குவோர் தம் காலத்து உரோமில் இருந்தனரெனவும் பிளினி குறிப்பிடுகின்றார். பொய்யெனத் தெரிந்து வாங்கிய அவர்கள் ஏமாந்தவர் அல்லர். அவர்தம் கையிலே பொய்க்காசும் கல்விக்குக் கருவியாயிற்று. வெளிப்படையாகச் சொல்லப்பட்ட செயற்கை நிறமும் அத்தகையதே. சொல்லப்படாதபோதோ மெய்க்காசே பொய் பேசத் தொடங்கிவிடுகின்றது. தமிழிலே நாணயம் என்னும் சொல் கையிலுள்ள காசுக்கும் மனத்திலுள்ள நேர்மைக்கும் பொதுவாக வழங்குகின்றது. முன்னதன் நிறத்தைப் போத்தலில் ஏற்றலாம். அதனை விற்கும்போது வேண்டப்படுவது பின்னது.